உன் நைனாவுக்கு ஏறாத எட்டு ராத்தல்

கண்ணு,

உன் கடுதாசி வந்து பதினேழு நாள் ஆகிறது. தபால்காரரைத் திட்டாதே, அவர் சரியாகத்தான் கொண்டுவந்து கொடுத்தார். தாமதம் என்னுடையது. நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "பட்டாளத்து எடைக்காக, நம் பெட்டியிலிருந்து எடுத்து வந்த நைனாவின் பழைய நோட்டில் எழுதியிருக்கிறபடி கூடாமல் குறையாமல் சாப்பிடுகிறேன் அம்மா. மூன்று வாரத்தில் ஐந்து ராத்தல் ஏறிவிட்டது. இதே சாப்பாட்டை இதே அளவில் சாப்பிட்ட நைனாவுக்கு மூன்று மாதத்தில் அரை ராத்தல்தான் ஏறியிருக்கிறது. அது எப்படி?" என்று கேட்டிருந்தாய். வேலூரில் உன்னை வைத்துக்கொண்டிருக்கிற மாமாவுக்குப் பழக்கமான டாக்டரிடம் நோட்டைக் காட்டினாயாம். இவ்வளவு தின்றும் சதை பிடிக்காத மனுஷனுக்கு உள்ளே ஏதோ நோய் இருக்க வேண்டும், தாமதிக்காமல் வேலூருக்கு அழைத்து வா என்று அவர் சொன்னாராம். உன் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருபத்துமூன்று வருஷமாக என்னை யாரும் அதைக் கேட்கவில்லை.

உன் கடுதாசியை நான் தனியாகப் படிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். நைனா எதிரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறையைக் கிழிப்பேன். அன்றும் எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார். ஐந்து ராத்தல் என்று படித்ததும் "பார்றா எம் புள்ளய!" என்று தொடையைத் தட்டினார். அடுத்து என்ன வருகிறது என்று தெரியாமலே நான் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். டாக்டர் சொன்னதைப் படித்து முடித்த பிறகுதான் அது என் மண்டையில் ஏறியது. நைனா, "அப்போ எனக்கு உள்ள இன்னாவோ நோவு கீது. அதான் அப்பவே ஒட்டல" என்றார். "டாக்டருங்க எதையாச்சும் சொல்லுவாங்க" என்றேன். "இல்ல, அவர் கேக்கறது நாயம்தான். அத்தினி துன்னேனே, எங்க போச்சி?" என்றார்.

அன்றிலிருந்து சாப்பிட்டு எழுந்ததும் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள், ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தை உன் பேருக்கு எழுதிவிடலாமா என்று கேட்டார். நாற்பத்தேழு வயதில், கல் மாதிரி இருக்கிற மனுஷன், இல்லாத நோய்க்காகச் சாகத் தயாராகிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. அவரிடம் சொன்னதை அப்படியே உனக்கும் சொல்கிறேன்.

இப்போது நடக்கிற யுத்தத்துக்கு முந்தின யுத்தத்தின் கடைசி வருஷம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், நீ இன்னும் பிறக்கவில்லை. நம் சேக்காட்டில் உன் நைனா சடுகுடு ஆட இறங்குகிறார் என்றால் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பார்க்க வருவார்கள். ஆள் ஒல்லிதான், ஆனால் பிடித்தால் கையில் நிற்க மாட்டார். பூந்தமல்லியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எனக்குச் சொல்லாமலே போய் வரிசையில் நின்றிருக்கிறார். உயரம் சரி, கண் சரி, பல் சரி. தராசில் ஏற்றினால் நூற்றிரண்டு ராத்தல். நூற்றுப்பத்து வேண்டுமாம். ஆள் எடுக்க வந்திருந்த சுபேதாருக்கு இவரைப் பிடித்துப்போயிருக்கிறது. "எட்டு ராத்தல் சத வச்சிகினு வாப்பா. மூணு மாசத்துல மறுபடியும் வருவோம்" என்று சொல்லி, என்னென்ன தின்ன வேண்டும் என்றும் விவரமாகச் சொல்லி அனுப்பினார். காலையில் அரைப்படி எருமைப் பால், ஊறவைத்த வேர்க்கடலை ஒரு ஆழாக்கு. மதியம் கேழ்வரகுக் களி இரண்டு உருண்டை, சோற்றில் ஒரு கரண்டி நெய். சாயங்காலம் நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி. ராத்திரி இரண்டு முட்டை.

வீட்டுக்கு வந்து, மேலே சட்டையில்லாமல் நின்று, "இந்த மார் மேல எட்டு ராத்தல் ஏறணும்" என்று எனக்குக் காட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஆவடி ஸ்டேஷனுக்குப் போனார். பார்சல் மூட்டைகளை நிறுக்கிற பெரிய தராசு அங்கே இருந்தது. பார்சல் குமாஸ்தா இவருடைய சடுகுடுவைப் பார்த்து ரசிக்கிறவர். வாரம் ஒரு தரம் வந்து ஏறிக்கொள்ளச் சொன்னதோடு, ஒரு யோசனையும் சொன்னார்: "அண்ணாத்தே, சும்மா துன்னா ஆவாது. இன்னா துன்ற, எவ்ளோ துன்றேன்னு ஒரு நோட்ல எழுதிகினு வா. எந்த வாரம் எது ஒட்டிச்சின்னு தெரியும்." விளையாட்டாக என்னையும் ஏறச் சொன்னார். எண்பத்தெட்டு. உன் நைனாவுக்குக் கணக்குத் தெரியும், எழுத்துத் தெரியாது. நான் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். ஆகவே நோட்டு என் கைக்கு வந்தது. அளப்பதும் நான், சமைப்பதும் நான், எழுதுவதும் நான்.

முதல் வாரம் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் போட்டேன். சனிக்கிழமை தராசில் ஏறினார், நூற்று நான்கு. ஒரே வாரத்தில் இரண்டு ராத்தல். பிளாட்பாரத்தில் இருந்தவர்களெல்லாம் கை தட்டினார்கள். அதுவரைக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. அந்த முள் அசைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான், இந்த மனுஷன் உண்மையாகவே போகப்போகிறார் என்று தோன்றியது. பஸ்ரா என்று ஓர் ஊர் பேர் அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே போனவர்களிடமிருந்து கடுதாசி வருவது நின்றுபோன வீடுகள் இரண்டை எனக்குத் தெரியும். எனக்குப் பத்தொன்பது வயது. இவரைத் தவிர வேறு யாரும் இந்த வீட்டில் என்னோடு சிரித்துப் பேசியது கிடையாது.

அடுத்த நாள் காலையில் பாலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினேன். நோட்டில் "பால் அரைப்படி" என்று எழுதினேன். அவர் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போனார். ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. பிறகு எங்கள் தகர ஆழாக்கின் அடியைக் குழவியால் உள்பக்கமாகத் தட்டினேன். கடலை தலைதட்ட நிற்கும், ஆனால் ஒரு பிடி குறையும். உளுந்தங்களியில் உளுந்தைக் குறைத்து அரிசி மாவைக் கூட்டினேன். நெய்யை நிறைய விடுகிற மாதிரி கரண்டியைச் சாய்ப்பேன், பாதி கரண்டியிலேயே நிற்கும். முட்டையில் மட்டும் கை வைக்க முடியவில்லை, அதை எண்ணிவிடுவார். நோட்டில் எல்லாம் சுபேதார் சொன்ன அளவுதான். நீ வேலூரில் நேரான ஆழாக்கில் அளந்து, தண்ணீர் படாத பாலைக் குடித்திருக்கிறாய். உனக்கு ஏறாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு வெட்கம். பயந்து ஆரம்பித்தது, போகப் போக எனக்கு ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. எதைக் குறைத்தால் எவ்வளவு இறங்கும் என்று பார்க்கிற ஆவல் வந்துவிட்டது. பாலைக் குறைத்த வாரம் தராசு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நெய்யைக் குறைத்த வாரம் முக்கால் ராத்தல் இறங்கியது. ஒரு வாரம் என் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அவரைக் குத்தம்பாக்கத்துக்கு அனுப்பினேன். காலையில் நடந்து போய்ப் பொழுது சாய்வதற்குள் நடந்தே திரும்பினார். அந்தச் சனிக்கிழமை பார்த்தால் ஒன்றரை ராத்தல் குறைந்திருந்தது! சாப்பாடு மட்டும் இல்லை, நடையும் உடம்பைத் தின்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். அப்புறம் வாராவாரம் குத்தம்பாக்கத்தில் யாருக்காவது ஏதாவது வந்தது. என் அண்ணன் கடைசியில் கேட்டுவிட்டான்: "இன்னாம்மா, மாப்ள வந்து ஒரு சொம்பு தண்ணி குட்ச்சிட்டு, எல்லாரும் நல்லா கீறீங்களான்னு கேட்டுட்டுப் பூட்றாரு. இன்னா விசயம்?" ஒரே அடியாக இறங்கினால் சந்தேகம் வரும் என்று சில வாரம் நல்ல பாலாகவே கொடுத்து ஒரு ராத்தல் ஏறவிடுவேன். அவர் சந்தோஷப்படுவார். அடுத்த வாரம் இறக்கிவிடுவேன். என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு ஸ்டேஷன் தராசின் முள்ளை நான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மிச்சம் பிடித்த பாலையும் கடலையையும் என்ன செய்தாய் என்று கேட்பாய். பாலைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்தால் பேச்சு வரும். கொட்டகைக்குப் பின்னால் நின்று நானே குடித்துவிடுவேன். கடலையும் நெய்யும்கூட என் வயிற்றுக்குள்தான் போனது. நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. பன்னிரண்டாவது வாரம், இவர் தராசிலிருந்து இறங்கி முகம் தொங்கிப்போய் நிற்கும்போது, குமாஸ்தா சூழ்நிலையை மாற்ற நினைத்து, "தங்கச்சி, நீ ஏறு பாக்கலாம்" என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தொண்ணூற்றாறு. "இன்னா அண்ணாத்தே! துன்றது நீ, ஏறுறது இந்தம்மாவா?" என்று அவர் சொல்ல, பிளாட்பாரமே சிரித்தது. அவருக்கு ஏற வேண்டிய எட்டு ராத்தல், ஒரு பலம் குறையாமல் என் மேல் இருந்தது. உன் நைனா சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில், யாரும் இல்லாத இடத்தில் என் பக்கம் குனிந்து, "விசேசம் ஏதுனா கீதா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல், இல்லை என்றேன். கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, "பரவால்ல. நம்ம ஊட்ல ஒனக்காச்சும் ஒட்டுதே" என்றார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வாரம் இருந்தது. சொல்லவில்லை.

பூந்தமல்லியில் இரண்டாம் தரம் நின்றபோது அவர் நூற்றிரண்டரை. சுபேதார் அடையாளம் தெரிந்துகொண்டு, "இன்னாப்பா, நா சொன்னத துன்னியா இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். இவர் நோட்டைக் காட்டியிருக்கிறார். அவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்து, "இத்தினி துன்னுமா?" என்று சொல்லிவிட்டு, பரிதாபமாகத் தோளைத் தட்டி அனுப்பிவிட்டாராம். அந்தப் பரிதாபம்தான் அவரை உடைத்தது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பெட்டியில் போட்டார். "எம் ஒடம்பு ஓட்டப் பான. இன்னா ஊத்துனாலும் நிக்காது" என்றார். அதோடு சடுகுடுவை விட்டார். களத்தில் இறங்கக் கூப்பிட்டால், நமக்கு வலு இல்லை என்பார். நல்ல சாப்பாடு போட்டால், "எனக்கு இன்னாத்துக்கு, தெண்டம்" என்று பாதியை ஒதுக்குவார். நம் தெருவிலிருந்து அந்தத் தடவை இரண்டு பேர் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை. வராதவரை நினைத்து, நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வந்தவர் தெருவில் நடந்து போவதைப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது. நீ பிறந்து, சின்ன வயதில் மெலிந்து இருந்தபோது, "எம் புள்ள, அப்டித்தான் இருப்பான்" என்று அவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு நீயும் உன்னை அப்படியே நினைத்து வளர்ந்தாய். அதற்கும் நான்தான் காரணம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார், சட்டையை மாட்டினார், கொரட்டூரில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் வரவில்லை. என் கையால் இனிச் சாப்பிட மாட்டார் என்றே நினைத்தேன். அப்படிச் செய்ய அவருக்கு உரிமையும் இருக்கிறது.

நாலாம் நாள் வந்தார். நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் குந்தினார். திட்டப்போகிறார் என்று முறத்தைக் கீழே வைத்தேன். அவர் கேட்டது என்ன தெரியுமா? "பால்ல எவ்ளோ தண்ணி ஊத்துன?"

"மூணுல ஒரு பங்கு."

"ஆழாக்குல?"

"ஒரு பிடி கம்மி."

"நெய்ல?"

"பாதி."

விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "குத்தம்பாக்கம் நடைக்கு எவ்ளோ எறங்கும்ன?" என்றார். சொன்னேன். "அப்போ அந்தப் பால நேரா குட்ச்சிருந்தா, நடக்காம கெடந்திருந்தா, நூத்திப்பத்து ஆயிருக்குமா?" என்றார். "அதுக்கு மேலயே ஆயிருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் தன் கைகளை யாருடையதோ மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ ஒடம்புல ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் அழுதது இரண்டாம் தடவை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு வார்த்த, போவாதன்னு சொல்லிருக்கலாமே" என்றார். "சொல்லிருந்தா கேட்டிருப்பீங்களா?" என்றேன். "கேட்டிருக்க மாட்டேன்தான். ஆனா நீ சொல்லிருக்கணும்" என்றார்.

அதன் பிறகு நடந்ததை நீ நம்ப மாட்டாய். மறுநாள் காலையில் அரைப்படி பால் கேட்டார். எருமையைக் கறக்கும்போதே பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கடலையைத் தானே அளந்தார், அதுவும் பக்கத்து வீட்டு ஆழாக்கை வாங்கி வந்து. நான் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? முதல் நாளே தனியாக ஆவடிக்குப் போய்த் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, பத்து நாள் அப்படிச் சாப்பிட்டார். நேற்று ஆவடி ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். பழைய குமாஸ்தா எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இருப்பவர் ஒரு சின்ன வயதுக்காரர், பட்டாளத்துச் சாமான்கள் வந்து குவிவதால் மூச்சு விட நேரமில்லை. கெஞ்சிக் கேட்டு இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறினோம். பத்து நாளைக்கு முன் ஏறியபோது இருந்ததைவிட உன் நைனாவுக்கு இரண்டு ராத்தல் கூடுதல். நம்பாமல் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். பிறகு அந்தக் குமாஸ்தாவுக்குக் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார். அவர் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் விழித்தார்.

ஆகவே, கண்ணு, நைனாவை வேலூருக்கு அழைத்து வர வேண்டியதில்லை. டாக்டரிடம் நோயாளிக்கு ஒன்றும் இல்லை, கணக்கு எழுதியவள்தான் பொய் என்று சொல்லிவிடு. அந்த நோட்டில் இடது பக்கம் எழுதியிருக்கிற சாப்பாடு பொய், வலது பக்கம் எழுதியிருக்கிற எடை மெய். இரண்டையும் சேர்த்துப் படிக்காதே. புது நோட்டு ஒன்று வாங்கி உன் கையாலேயே எழுது. எவ்வளவு நடந்தாய் என்பதையும் எழுது, அதைச் சுபேதார் சொல்லவில்லை, நான் கண்டுபிடித்தது. வேலூரில் உன் மாமா வீட்டு அத்தை உனக்கு ஊற்றுகிற பால் யாருடைய பங்கிலிருந்து வருகிறது என்றும் ஒரு நாள் கவனித்துப் பார். கேட்டால் சொல்ல மாட்டாள், அவளும் அந்த வீட்டுக்கு வாழப்போனவள்தான்.

நீ ஊர் உலகம் பார்க்க வேண்டும் என்றுதான் பட்டாளத்துக்குப் போக ஆசைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஐந்து ராத்தல் ஏறிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று எழுதியிருக்கிறாய். இதை எழுதாமல் விட்டுவிட்டு, நைனாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்பட்டு வா என்று மட்டும் ஒரு வரி போட்டிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய். அந்த எண்ணம் எனக்கு வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் அதை மனசில் வைத்துக்கொண்டே திரிந்தேன். எழுதியதைப் படித்துக் காட்டியபோது நைனா, "போன்னும் எழுதாத, போவாதன்னும் எழுதாத. அவன் கணக்கு அவன் பாத்துப்பான்" என்றார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். ஆனால் நான் அவர் பேச்சைக் கேட்கப்போவதில்லை. போகாதே, கண்ணு. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் போகாதே. பத்தொன்பது வயதில் வாயால் சொல்லத் துணியாததை இப்போது எழுத்தில் சொல்லிவிட்டேன். இதைக் கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். எப்படியானாலும் நீ வீட்டுக்கு வருகிற அன்று பாலில் தண்ணீர் இருக்காது.

பட்டாளத்துக்காரர்கள் உன்னை நிறுக்கிற நாள் முடிந்ததும் எத்தனை ராத்தல் என்று மறக்காமல் எழுது. நைனாவுக்குத் தெரிந்தாக வேண்டுமாம். எனக்கும்தான்.

உன் அம்மா